மலைநாட்டுக் கால்வழிகள்

கால்வழி என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. காலால் நடந்து செல்லும் வழி என்பது ஒன்று. ஒருவருடைய வமிசம், சந்ததி என்பது மற்றொன்று. இலங்கையின் மலைநாட்டைப் பொறுத்தவரையில் இவ்விரு பொருளையும் பிரித்துப் பேசுதல் எளிதன்று.

விடுமுறைக் காலங்களில் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மலைநாடு செல்லும் நம்மவர் தொகை சிறிதன்று. நுவரெலியாவுக்குச் சென்று பூங்காவைப் பார்த்து, குளிரை அனுபவித்து, ஒரு பொதி தேயிலையுடன் திரும்புவதே நெடுங்காலம் நமது வழக்கமாயிருந்தது. அண்மைக் காலத்திலே வேறொரு வழக்கம் தோன்றியிருக்கிறது. இளைஞர் பலர் முதுகிலே பையைக் கட்டிக்கொண்டு, தேயிலைத் தோட்டங்களின் ஊடே நாட்கணக்காக நடக்கின்றனர். சிலர் தடித்த சில்லுகளைக் கொண்ட மலைச் சைக்கிளில் ஏறி அவ்வழிகளிலே செல்கின்றனர். இதற்கென்றே 2023ஆம் ஆண்டில் ‘பெக்கோ நடைபாதை’ என்னும் நெடும்பாதை ஒன்று அமைந்தது. பெக்கோ என்பது தேயிலையில் ஒரு தரத்தின் பெயர். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, கலகா, லூல்கந்துர, தவலந்தென்னை, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று சென்று, அப்புத்தளை, எல்ல முதலிய ஊர்களைத் தொட்டு, நுவரெலியாவில் முடியும் இப்பாதை 22 பகுதிகளையும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்தையும் உடையது. மிகேல் குனாத் என்னும் ஸ்பானியரின் முயற்சியாலும், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்க உதவி நிறுவனம் ஆகியவற்றின் பொருளுதவியாலும் இது உருப்பெற்றது.

இப்பாதைக்காகப் புதிதாக வெட்டப்பட்ட வழி மிகச் சிறிது. முன்னமே இருந்த வழிகளைத் தேடிக் கண்டு, ஒன்றோடொன்று தொடுத்து, அடையாளமிட்டதே அவர்கள் செய்த வேலை. அப்படியானால் அவ்வழிகள் யாருடையவை? எதற்காக உண்டாயின? இன்றைய பேச்சு இவ்வினாவைப் பற்றியதே.

மலைநாட்டிற் பாதை இல்லாதிருந்ததே ஒரு காலத்தில் அந்நாட்டுக்கு அரணாயிருந்தது. கண்டி மன்னர் அகலமான தெருக்களை விரும்பவில்லை. 1660இல் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே வாழ்ந்த ஆங்கிலேயனாகிய றொபேட் நொக்ஸ், மலைகளினூடே ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒற்றையடிப் பாதைகளையும், அவற்றின் இடையே நிறுவப்பட்டிருந்த முட்கதவங்களையும் பற்றி எழுதியிருக்கிறான். அவன் தப்பியோடிய வழியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நன்று. அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையோரமாகக் காட்டினூடே நடந்து, மன்னாரை அடுத்த அரிப்பிலே 1679ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கோட்டையை அவன் அடைந்தான். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளின் பின், அதே கடற்கரையிலிருந்து எதிர்த்திசையிலே வேறு மனிதர் நடக்கத் தொடங்கினர். அவர்களைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

அரணாக அமைந்த ஒடுங்கிய பாதைகளுக்கு ஒரு புறநடை இருந்தது. அது யாத்திரிகர் பாதை. சிவனொளிபாத மலைக்குச் செல்வோருக்கு மன்னரே வழிசெய்து கொடுத்தனர். பொலன்னறுவையில் அரசாண்ட முதலாம் விசயபாகு, அம்மலைக்கு ஏறும் வழிகளில் யாத்திரிகருக்கு உணவும் தங்குமிடமும் கிடைக்க ஏற்பாடு செய்ததை அம்பகமுவைக் கல்வெட்டுக் கூறுகின்றது. 1344இலே மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பட்டூட்டா இங்கு வந்தபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், பத்துத் துணைவரும், பொதி சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து மலைக்கு அனுப்பினார். தமிழ் மன்னர் ஒருவர் ஒழுங்குசெய்த மலைநடை என்று இதனைச் சொல்லலாம். பொதி சுமந்த பதினைந்து பேரின் பெயர் அன்றும் எழுதப்படவில்லை. மலைநடை வரலாற்றிலே இவ்வழக்கம் மிகப் பழையது போலும்.

1815இலே கண்டி வீழ்ந்தது. மலைநாட்டைக் கையகப்படுத்துவதைக் காட்டிலும் கையில் வைத்திருப்பது கடினம் என்பதை ஆங்கிலேயர் 1818ஆம் ஆண்டுக் கலகத்திலே உணர்ந்தனர். பீரங்கி செல்லத் தெரு வேண்டும். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் 1820ஆம் ஆண்டளவிலே கொழும்பு—கண்டித் தெருவைத் தொடங்கினார். கப்டன் டோசன் என்னும் பொறியியலாளர் அதனை வகுத்தார். கடுகண்ணாவையிலே அவர் நினைவாக எழுந்த கோபுரம் இன்றும் நிற்கின்றது. மண்ணை வெட்டியவர் பெரும்பாலும் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் கீழ் அழைக்கப்பட்ட சிங்களக் குடிமக்கள். அவர்களுக்குக் கோபுரம் எழவில்லை.

தெரு வந்ததும் கோப்பி வந்தது. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியிலே ஜோர்ஜ் பேர்ட் என்பவர் 1824ஆம் ஆண்டளவிலே கோப்பித் தோட்டம் வைத்தார். தேசாதிபதி பார்ன்ஸ் தாமே கன்னொறுவையில் ஒரு தோட்டத்துக்கு உடையவரானார். 1832இலே கோல்புறூக்—கமரன் ஆணைக்குழுவின் சிபாரிசினால் இராசகாரியம் ஒழிந்தது. கட்டாய ஊழியம் ஒழிந்த அந்தக் காலத்திலேதான் தோட்டங்கள் பெருகின. தமது சேனையையும் வயலையும் விட்டுக் கூலிக்கு வரக் கண்டிச் சிங்களவர் விரும்பவில்லை. ஆகவே தோட்டத் துரைமார் பாக்கு நீரிணைக்கு அப்பாற் பார்த்தனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளில் நிலமற்ற ஏழைகளுக்குப் பஞ்சமும் கடனும் குறைவின்றி இருந்தன. கங்காணி முன்பணம் கொடுத்தான். அந்தப் பணமே முதற் கடனாயிற்று.

அவர்கள் வந்த வழியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இராமேசுவரக் கரையிலிருந்து தோணிகளிலே தலைமன்னாருக்கும் அரிப்புக்கும் வந்து இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்ற ஊர்களின் வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர். இதிலே முதற்பாதி வறண்ட காடு. குளங்கள் தூர்ந்து கிடந்தன. கிடைத்த நீர் எல்லாம் குடிக்கத் தக்க நீர் அன்று. வாந்திபேதியும் அம்மைநோயும் கூட்டத்துடன் கூடவே நடந்தன. நடக்க முடியாதவர் வழியிலே விடப்பட்டனர். கூட்டம் நின்றால் உணவு முடிந்துவிடும். எத்தனை பேர் இறந்தனர் என்பது பற்றி அக்காலத்திலேயே பத்திரிகைகளும் தோட்டக்காரரும் அரசாங்கத்தாரும் வாதிட்டனர். இறந்தவர்களைப் பெயரிட்டு எண்ணியவர் ஒருவரும் இல்லாமையால் அந்த வாதம் முடிவுறவேயில்லை. பின்னாளிலே அரசாங்கம் இப்பாதையில் கிணறுகளும் கொட்டகைகளும் மருத்துவ நிலையங்களும் அமைத்தது. வந்தவர் தொகையை நோக்க அவை காலந்தாழ்த்தி வந்த உதவிகளே.

கோப்பி அறுவடை ஒரு பருவத்துக்குரியது. ஆதலால் ஆரம்ப காலத்தில் இவர்களுட் பலர் பழம் பறிக்கும் மாதங்களில் வந்து, வேலை முடிந்ததும் அதே வழியாகத் திரும்பி நடந்தனர். ஒரே மனிதர் தம் வாழ்நாளிற் பலமுறை இக்காட்டைக் கடந்திருக்கிறார். மாத்தளையை அடைந்தவர்கள் முத்துமாரியம்மனை வணங்கினர். அம்மை நோயினின்று பிழைத்து வந்தவருக்கு மாரியம்மனே குலதெய்வமானதில் வியப்பு ஏது?

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, இந்தியாவிற் பரவிய கொள்ளைநோயை முன்னிட்டு இவ்வடபாதை மூடப்பட்டது. அதன்பின் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக் கொழும்புத் துறைமுகத்திலே வந்து இறங்கினர். 1914இலே தனுஷ்கோடி—தலைமன்னார்க் கப்பற் சேவை புகையிரதத்துடன் இணைந்தது. அத்துடன் நெடுநடை முடிந்தது.

நெடுநடைதான் முடிந்தது, நடை முடியவில்லை. தோட்டத்துக்குள்ளே வாழ்க்கை முழுவதும் நடையே. இங்குதான் இன்றைய மலைநடைக்காரரும் சைக்கிள்காரரும் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது.

தோட்டத்திலே இரண்டு வகையான பாதைகள் உண்டு. ஒன்று ‘றோட்டு’. பாரமேற்றிய மாட்டுவண்டி செங்குத்தாக ஏறமாட்டாது. ஆகவே சரிவை அளந்து, மலையைச் சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்ல உயரும்படி அதனை வகுத்தனர். மழைநீர் தெருவை அரித்துச் செல்லாதபடி மலைப்பக்கமாகக் கான் வெட்டினர். முதலிலே கோப்பி மூட்டைகளும் பின்னர்த் தேயிலைப் பெட்டிகளும் இவ்வழியாகவே இறங்கிக் கொழும்புத் துறைமுகத்தை வந்தடைந்தன. மற்றொன்று ‘குறுக்கு’. லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கும், அங்கிருந்து கொழுந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் நேரே செல்லும் செங்குத்தான ஒற்றையடிப் பாதை அது. அதனை எவரும் அளந்து வகுக்கவில்லை. முதுகிலே கூடையுடன் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்களின் கால்களே அதனை உண்டாக்கின. தேசப்படத்திலே றோட்டு இருக்கும். குறுக்கு பெரும்பாலும் இராது.

இன்று நடந்து செல்வோர் பல இடங்களிலே குறுக்கு வழியே ஏறுகின்றனர். சைக்கிளிற் செல்வோர் வண்டிப் பாதையைப் பற்றிக்கொள்கின்றனர். மாட்டுக்கு ஏற்ற சரிவு மனிதன் மிதிக்கும் வண்டிக்கும் ஏற்றதாகிவிட்டது. ஒரே மலையின் இருவேறு சரித்திரங்களை இவ்விருவரும் அறியாமலே பங்கிட்டுக்கொள்கின்றனர் எனலாம்.

மலைச் சைக்கிளின் பிறப்பையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். 1970களிலே கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கேயுள்ள மரின் பகுதியில், தமல்பாயிஸ் மலையைச் சூழ்ந்த சரிவுகளிலே சில இளைஞர் பழைய, கனத்த சைக்கிள்களை ஓட்டிக் கீழே இறங்கி விளையாடினர். இறங்கி முடியும்போது பின்சில்லின் தடை சூடேறி, உள்ளே இருந்த கிறீஸ் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் கிறீஸை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தமையால் அவ்வழிக்கே ‘றீபக்’, அதாவது மறு அடைப்பு, என்று பெயர் வந்தது. இந்த விளையாட்டிலிருந்து தடித்த சில்லு, உறுதியான சட்டம், பல கியர் ஆகியன கொண்ட புதுவண்டி பிறந்தது. 1996இலே அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியிலும் இடம்பெற்றது. விளையாட்டுக்காகக் கீழே இறங்கிய வழிகள் அவை. நமது மலைநாட்டு வழிகள் வயிற்றுக்காக மேலே ஏறியவை.

நடப்போருக்கு நான் சிறப்பாகப் பரிந்துரைப்பது பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு. அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகச் சென்றால், கெசல்கமு ஓயா நடுவே ஓட, இருபுறமும் தேயிலை மலைகள் உயர்ந்து நிற்கும் அகன்ற பள்ளத்தாக்கைக் காணலாம். மேற்கே வானம் தெளிந்திருக்கும் காலையிலே சிவனொளிபாத மலை தனித்து நிற்கும். அம்மலையின் அடியிலுள்ள ஊருக்கு நல்லதண்ணி என்று பெயர்; பெயரிட்டவர் யார் என்று கேட்கவும் வேண்டுமோ?

இப்பள்ளத்தாக்கிலே பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவில் ஓர் ஆங்கில அம்மையாரின் கல்லறை உண்டு. அவர் ஜூலியா மார்கரெட் கமரன். புகைப்படக் கலையின் வரலாற்றிலே பெரும்புகழ் பெற்றவர். 1879இலே டிக்கோயாவைச் சேர்ந்த கிளென்கேர்ண் தோட்டத்தில் அவர் காலமானார். அத்தோட்டத்தின் பெயர் இன்று டிக்கோயா வைத்தியசாலையை மக்கள் ‘கிளங்கன்’ என்று வழங்குவதிலே தங்கியிருக்கிறது. அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கமரனும் அவ்வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். சற்று முன் குறிப்பிட்ட கோல்புறூக்—கமரன் ஆணைக்குழுவின் கமரன் இவரே. கட்டாய ஊழியத்தை ஒழிக்கச் சிபாரிசு செய்தவர், அதன் இடத்திற்குக் கடன்பட்டு வந்த கூலிகளின் நடுவே உறங்குகின்றார். அம்மையார் இலங்கையில் எடுத்த புகைப்படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலே உழைக்கும் மக்களின் முகங்கள் மிகுந்த கண்ணியத்தோடு காட்சியளிக்கின்றன. ஆயினும் அம்முகங்களுட் பெரும்பாலானவற்றின் பெயர் நமக்குத் தெரியாது. கைத்தொலைபேசியுடன் இன்று அங்கே செல்லும் நமது இளைஞர், கொழுந்து பறிக்கும் பெண்மணியைப் படம் எடுக்குமுன், “அம்மா, எடுக்கலாமா?” என்று கேட்டுப் பெயரையும் விசாரிப்பார்களாயின் அது பெரிய காரியம்.

இவ்வாறு ஓடும் கெசல்கமு ஓயா, காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பிப் பின்னர் மஸ்கெலியா ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகின்றது. அம்பத்தலையிலே கொழும்பு நகருக்காக எடுக்கப்படும் நீர் களனியின் நீர். எஞ்சியது கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்திற் கடலோடு கலக்கிறது. லக்சபானை மின்சாரம் 1950இலே வந்ததும் இந்த நீரின் பலத்தினாலேயே. மலைநாட்டைக் கண்டிராத கொழும்புவாசி உண்டெனினும், அதன் நீரையும் ஒளியையும் அறியாதவர் இலர்.

லூல்கந்துர தோட்டத்தையும் நடப்போர் காண்பர். 1867இலே ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் முதன்முதலாக வாணிகத்துக்கெனத் தேயிலை பயிரிட்ட இடம் அது. இரண்டு ஆண்டுகளில் இலைநோய் தோன்றியது. சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்தது. தேயிலை நாட்டைக் காப்பாற்றியது. 1892இலே ரெயிலர் அங்கே இறந்தபோது, தொழிலாளர் அவருடைய பிரேதப் பெட்டியை மாறி மாறித் தோளிலே சுமந்து கண்டிவரை நடந்தனர் என்பர். தவலந்தென்னை என்னும் பெயரோ இன்னும் பழைய நடையை நினைவூட்டுவது. தவளம் என்பது பொதிமாட்டுக் கூட்டம். அவை இளைப்பாறிய வெளி என்பதே அப்பெயரின் பொருள்.

இத்தனை வழிகளை உண்டாக்கியவர்களின் சந்ததியார், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். 1964இலே சிறிமாவோ—சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 300,000 பேர் இலங்கைக்கு என்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம் என்றும் பங்கிட்டது. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலே உறவினர் கட்டிப்பிடித்து அழ, குடும்பங்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டன; அங்கிருந்து ‘இராமானுஜம்’ கப்பல் அவர்களை ஏற்றிச் சென்றது. முன்னோர் வந்து இறங்கிய கரையை நோக்கிப் பேரர்கள் திரும்பிச் சென்றனர். எஞ்சியிருந்த நாடற்றவரின் உரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தீர்ந்தது.

உரிமை வந்தபின்பும் நிலம் வரவில்லை. தாம் வெட்டிய பாதையின் ஓரத்திலே தமக்கென ஒரு துண்டு நிலம் இல்லாமல், நூறு ஆண்டு கடந்த லயங்களிலே வாழ்வோர் பலர். 2025 நவம்பர் இறுதியிலே ‘டித்வா’ புயல் வந்தபோது, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து பல உயிர்களைக் கொண்டன. சரிவிலே வாழ்வதைத் தவிர வேறு இடம் இல்லாதவர்க்கு அபாய அறிவித்தல் எவ்வளவு பயன்படும் என்பதை யோசிக்க வேண்டும். அழகிய சரிவு என்று நாம் நின்று பார்க்கும் இடம் மற்றொருவர் உறங்கும் இடம்.

இனி, 2023ஆம் ஆண்டுக்கு மீண்டும் வருவோம். பெக்கோ நடைபாதை அமைந்த அந்த ஆண்டிலேயே வேறொரு நடையும் நிகழ்ந்தது. மலையகத் தமிழர் வரலாற்றின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. முன்னோர் சென்ற வழியைத் தொடர்ந்து வெயிலிலே நடந்து ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. வழியிலே தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் தண்ணீரும் உணவும் கொடுத்தனர். பலர் சிறிது தூரம் கூடவே நடந்தனர். காணியும், வீடும், நியாயமான சம்பளமும், சமத்துவமான பிரசைகள் என்ற அங்கீகாரமும் வேண்டுமென்பதே அவர்கள் சுமந்து சென்ற கோரிக்கை.

இரண்டு நடைகளும் ஒன்றையொன்று அறிந்து நிகழ்ந்தவை அல்ல. ஒன்று உலகத்தாரை மலையின் அழகைக் காண அழைத்தது. மற்றொன்று அம்மலையின் மக்களைக் காண நாட்டை அழைத்தது. எனது அபிப்பிராயத்தில் இவை ஒரே பாதையின் இரு துண்டுகள். ஹந்தானையிலே தொடங்குவதாகக் கருதப்படும் வழி உண்மையிலே தலைமன்னார்க் கரையிலே தொடங்குகின்றது. வடபகுதியையும் முதற் பகுதியாகச் சேர்த்து, பழைய கிணறுகளையும் தங்குமிடங்களையும் தேடி அடையாளமிட்டு, மலையக இளைஞரையே வழிகாட்டிகளாக அமர்த்தினால், அந்த வருமானத்தில் ஒரு பங்காவது வழியை உண்டாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சேரும்.

இடையிலே விடுபட்டிருப்பது பெருந்தூரமும் அன்று. மாத்தளையிலிருந்து பலகடுவைக் கணவாயைத் தாண்டி, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்கு வந்து ஹந்தானைக்கு ஏற 30 கிலோமீற்றர் அளவே ஆகும். 1880இலே மாத்தளைக்குப் புகையிரதம் வரும்வரை, எந்தத் தோட்டம் என்று கங்காணி சொல்லக் கேட்டபின், குழந்தைகளைத் தோளிலே ஏற்றிக்கொண்டு அந்தத் தூரத்தையும் அவர்கள் நடந்தே சென்றார்கள்.